ஸ்பான்சர்ஷிப்புக்கு 12 லட்சம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

வணக்கம். கடிதத்தையும் நீங்கள் இணைத்திருந்த ஆஃபர் லெட்டரையும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், அதனால் மற்ற வாசகர்களுக்காக விஷயத்தை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 39, சிவில் இன்ஜினியர், 14 வருட அனுபவம். மனைவி அக்கவுண்டன்ட், ஒன்பது வயதில் ஒரு மகள். சிட்னியில் உள்ள ஒரு கட்டுமான நிறுவனம் வீடியோவில் நேர்காணல் நடத்தி, நான்கு வருட 482 விசாவுக்கு, அதாவது நிறுவனம் ஸ்பான்சர் செய்தால் கிடைக்கும் தற்காலிக வேலை விசாவுக்கு, ஸ்பான்சர் செய்வதாகச் சொல்லி ஆஃபர் கொடுத்திருக்கிறது. சம்பளம் வருடத்துக்கு 85,000 ஆஸ்திரேலிய டாலர், "சூப்பர் உட்பட". பதவி, பிராஜெக்ட் கோஆர்டினேட்டர். மூன்று வருடத்துக்குள் வேலையை விட்டால் 15,000 டாலர் கட்ட வேண்டும் என்று ஒரு நிபந்தனை. நிறுவனத்தை அறிமுகப்படுத்திய கன்சல்டன்சிக்காரர் "ஸ்பான்சர்ஷிப் செலவு" என்று 12 லட்சம் ரூபாய் கேட்கிறார், அதில் நாலு லட்சம் இந்த வாரமே வேண்டுமாம். கொடுக்கலாமா, பி.ஆர். (நிரந்தரக் குடியுரிமை விசா) கிடைக்குமா, குடும்பத்தோடு கிளம்பலாமா என்பவைதான் உங்கள் கேள்விகள்.

முதல் கேள்விக்குப் பதில், கொடுக்காதீர்கள். நாலு லட்சமும் வேண்டாம், "டோக்கன்" என்று ஐம்பதாயிரம் கேட்டாலும் வேண்டாம்.

ஆஸ்திரேலியச் சட்டப்படி ஸ்பான்சர்ஷிப் என்பது விலைக்கு விற்கிற பொருள் கிடையாது. ஸ்பான்சர் செய்வதற்காக ஒருவர் பணமோ வேறு ஆதாயமோ கேட்பதும் வாங்குவதும் 2015 டிசம்பரிலிருந்து குற்றம், சிறைத் தண்டனை வரை போகும். பலருக்குத் தெரியாத பாதி என்னவென்றால், கொடுப்பவரும் சட்டத்தை மீறியவர்தான். அவருக்கு அபராதம் விதிக்கலாம், கிடைத்த விசாவையும் ரத்து செய்யலாம். ஆக, அந்தப் பணத்தைக் கொடுத்த நாளிலிருந்து உங்கள் விசாவின் கழுத்தில் ஒரு கயிறு இருக்கும், அதன் மறுமுனை கன்சல்டன்சிக்காரரின் கையிலும், விஷயம் தெரிந்திருந்தால் முதலாளியின் கையிலும் இருக்கும். நாளைக்கு ஓவர்டைமுக்குக் காசு தரவில்லை என்று நீங்கள் வாயைத் திறந்தால், "நீ பணம் கொடுத்து வந்தவன்தானே" என்ற ஒரு வரி போதும் உங்களை உட்கார வைக்க. எனக்கு வருகிற கடிதங்களில் மனதை மிகவும் கஷ்டப்படுத்துபவை இந்த நிலையில் இருப்பவர்கள் எழுதுபவைதான்.

அந்த 12 லட்சம் எதற்கு என்று அவர் உங்களுக்குச் சொன்ன கணக்கையும் பார்ப்போம். "கம்பெனி அரசாங்கத்துக்குப் பயிற்சி நிதி கட்டணும், நாமினேஷன் கட்டணும், வக்கீல் ஃபீஸ் இருக்கு" என்றாராம். அந்தச் செலவுகள் இருப்பது உண்மை. நிறுவனம் ஸ்பான்சராக அங்கீகாரம் பெற 420 டாலர், உங்களை இன்ன வேலைக்கு எடுக்கிறோம் என்று அரசுக்குப் போடும் விண்ணப்பமான நாமினேஷனுக்கு 330 டாலர், அப்புறம் பயிற்சி நிதி வரி. இந்த வரி, ஆண்டு வர்த்தகம் ஒரு கோடி டாலருக்குக் கீழே உள்ள நிறுவனத்துக்கு விசா காலத்தின் ஒவ்வொரு வருடத்துக்கும் 1,200 டாலர், அதற்கு மேல் என்றால் 1,800. நான்கு வருடத்துக்கு 4,800 அல்லது 7,200, மொத்தமாக முன்கூட்டியே கட்ட வேண்டும். இவை எல்லாமே நிறுவனம் கட்ட வேண்டியவை. ஸ்பான்சர் தரப்பின் வக்கீல் ஃபீஸ், ஆள் தேடியதற்கான செலவு ஆகியவையும் அப்படித்தான். இவற்றில் ஒரு டாலரைக்கூட உங்களிடமிருந்து நேராகவோ, சம்பளத்தில் பிடித்தோ, வேறொருவர் மூலமாகவோ வசூலிக்க ஸ்பான்சருக்கு அனுமதி இல்லை.

அதனால்தான் அந்த 15,000 டாலர் நிபந்தனையைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. எதற்காக 15,000 என்று ஒப்பந்தத்தில் விளக்கமே இல்லை. "விசா மற்றும் ஸ்பான்சர்ஷிப் தொடர்பான செலவுகளுக்கு ஈடாக" என்று மட்டும் இருக்கிறது. மேலே சொன்ன செலவுகளை முன்வாசலில் கேட்க முடியாது என்பதால் பின்வாசலில் வாங்குகிற ஏற்பாடு போலத்தான் தெரிகிறது. முறையான நோட்டீஸ் காலம் கேட்பது நியாயம். விமான டிக்கெட் வாங்கித் தந்துவிட்டு, சில மாதங்களில் விலகினால் அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கிற ஒப்பந்தங்களும் உண்டு, அவற்றைத் தனியாகப் படித்துப் பார்க்கலாம். ஆனால் இந்த வரியை நீக்கச் சொல்லிக் கேளுங்கள். நீக்க மறுத்தால், அந்த மறுப்பை வைத்தே நிறுவனத்தை எடை போட்டுக்கொள்ளலாம்.

நீங்கள் கட்ட வேண்டியது என்ன? விசா விண்ணப்பக் கட்டணம். 2025 ஜூலையில் வந்த பட்டியல்படி பெரியவர்களுக்கு ஆளுக்கு 3,210 டாலர், மகளுக்கு 805, மூன்று பேருக்கும் சேர்த்து 7,225. கூடவே மருத்துவப் பரிசோதனை, போலீஸ் சான்றிதழ், பயோமெட்ரிக், ஆங்கிலத் தேர்வு, மருத்துவக் காப்பீடு. நீங்களே ஏஜென்ட் வைத்துக்கொண்டால் உங்கள் விண்ணப்பத்துக்கான அவருடைய ஃபீஸ். இது எதுவும் ரகசியமாக, ரொக்கமாக, ரசீது இல்லாமல் கட்டுவது அல்ல. விசா கட்டணம் குடிவரவுத் துறையின் இமி அக்கவுண்ட் வழியாக நேராக அரசுக்குப் போகும், ரசீது உங்கள் பெயரில் வரும்.

இனி சம்பளம். என்னைக் கேட்டால் உங்கள் கடிதத்தில் பணம் கேட்டதற்கு அடுத்த பெரிய சிக்கல் இங்கேதான் இருக்கிறது, நீங்கள் அதைக் கவனிக்கவே இல்லை. 85,000 "சூப்பர் உட்பட" என்றால் என்ன? சூப்பர் என்பது ஓய்வூதிய நிதி, 2025 ஜூலை 1 முதல் சம்பளத்தின் மேல் 12 சதவீதம் நிறுவனம் கட்டியாக வேண்டும். அப்படியென்றால் 85,000-ஐ 1.12-ஆல் வகுத்துப் பாருங்கள், அடிப்படைச் சம்பளம் 75,893 டாலர்தான். 482 விசாவின் கோர் ஸ்கில்ஸ் பிரிவில் நிறுவனம் தர வேண்டிய குறைந்தபட்ச வருமானம் 2025-26 நிதியாண்டுக்கு 76,515 டாலர், அதில் சூப்பரைச் சேர்த்துக் காட்ட முடியாது. உங்கள் ஆஃபர் அந்த வரம்புக்கு 622 டாலர் கீழே நிற்கிறது. இப்படியே நாமினேஷன் போட்டால் தள்ளுபடிதான். ஒவ்வொரு ஜூலையிலும் இந்த வரம்பு ஏறும், நாமினேஷன் போடுகிற நாளில் உள்ள தொகைதான் கணக்கு, அதனால் மாதங்கள் தள்ளிப்போகப் போக இடைவெளி கூடலாம்.

இந்த வேலையைத் தினமும் செய்கிற நிறுவனமோ ஏஜென்டோ இதைக் கவனிக்காமல் ஆஃபர் எழுதியிருக்க மாட்டார்கள். ஒன்று, உங்களுக்கு ஆஃபர் கொடுத்தவர்களுக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது நாமினேஷன் போடுகிற எண்ணமே இல்லை. இரண்டில் எது என்று எனக்குத் தெரிய வழியில்லை, ஆனால் எதுவாக இருந்தாலும் 12 லட்சம் கொடுப்பதற்கான காரணம் அதில் இல்லை.

வரம்பைத் தாண்டினால் மட்டும் போதாது. அதே ஊரில் அதே வேலையைச் செய்யும் ஆஸ்திரேலியருக்கு என்ன கிடைக்குமோ அது உங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பது இன்னொரு விதி, நாமினேஷனில் நிறுவனம் அதை ஆதாரத்தோடு காட்ட வேண்டும். 14 வருடம் சைட்டிலும் டிசைனிலும் வேலை பார்த்த சிவில் இன்ஜினியருக்குச் சிட்னியில் 75,893 டாலர் என்பது என் பார்வையில் குறைவு, நன்றாகவே குறைவு. நீங்கள் ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பெரிய தொகை என்று எழுதியிருக்கிறீர்கள். செலவும் டாலரில்தான் வரும் என்பதால் டாலரிலேயே பாருங்கள். 2025-26 வரி விகிதப்படி இந்தச் சம்பளத்துக்கு வரி சுமார் 13,550 டாலர் போகும். கையில் மாதம் 5,200 போல, வாரத்துக்கு 1,200. சிட்னியில் வாடகையை வாரக் கணக்கில்தான் சொல்வார்கள். இரண்டு படுக்கையறை வீட்டை வாரம் 600 டாலருக்குள் தேடினால் ரயில் பிடித்து வெகுதூரம் போக வேண்டியிருக்கும். பாதிச் சம்பளம் அங்கேயே முடிந்தது. வீடு எடுக்கும்போது நான்கு வார வாடகையை முன்பணமாகக் கட்ட வேண்டும், இரண்டு வார வாடகை அட்வான்ஸ் வேறு.

மகளின் பள்ளி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சிட்னி இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் தற்காலிக விசாவில் வரும் குழந்தைகளுக்கு அரசுப் பள்ளியிலும் கட்டணம் வாங்குவார்கள், 482 விசாக்காரர்களும் அதில் வருவார்கள். எல்லா மாநிலத்திலும் இதே விதி கிடையாது. இந்த வருடக் கட்டணம் எவ்வளவு என்று மாநிலக் கல்வித் துறையின் தளத்தில் பார்த்து உங்கள் பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவமும் இப்படித்தான். அரசின் மருத்துவத் திட்டமான மெடிகேர் உங்களுக்குக் கிடையாது, மூன்று பேருக்கும் தனியார் காப்பீடு எடுத்துத் தொடர்ந்து வைத்திருக்க வேண்டும், அது விசா நிபந்தனை. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் பிரசவத்துக்கும் பெரும்பாலான பாலிசிகளில் 12 மாதக் காத்திருப்புக் காலம் இருக்கும், எடுப்பதற்கு முன் படியுங்கள். மெடிகேர் உரிமை இல்லாதவர்கள் இரண்டு சதவீத மெடிகேர் வரியிலிருந்து விலக்குக் கேட்கலாம். வருடக் கடைசியில் வரிக் கணக்கு போடும்போது இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் மனைவிக்கு நல்ல செய்தி. துணை விசாவில் வருபவர் எந்த நிறுவனத்திலும் முழுநேரம் வேலை செய்யலாம், தனியாக அனுமதி வேண்டாம். அக்கவுண்டன்ட் என்றால் முதலில் பேரோல், புக்கீப்பிங் மாதிரி வேலைகளில் நுழைந்து பிறகு மேலே போகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். ஆனால் முதல் மாதங்களின் செலவை அவர் சம்பளத்தை நம்பிப் போடாதீர்கள்.

அப்புறம் பதவியின் பெயர். 482 விசாவில் உங்களை ஒரு குறிப்பிட்ட தொழிலுக்குத்தான் நாமினேட் செய்வார்கள், சிவில் இன்ஜினியர் என்றால் 233211 என்ற எண்ணுக்கு. அந்தத் தொழில், இந்த விசாவுக்கு அனுமதித்த தொழில்களின் கோர் ஸ்கில்ஸ் பட்டியலில் இருக்கிறது, உங்கள் படிப்பும் அனுபவமும் பொருந்துகின்றன. ஆஃபர் லெட்டரின் இரண்டாம் பக்கத்தில் உள்ள வேலை விவரம்தான் பொருந்தவில்லை. மீட்டிங் குறிப்பு எழுதுவது, பொருள் வந்ததா என்று பார்ப்பது, சப் கான்ட்ராக்டர்களுக்குப் போன் போடுவது, சைட் பதிவேடு. ஸ்ட்ரக்சர் பற்றியோ டிசைன் பற்றியோ கணக்கீடு பற்றியோ ஒரு சொல் இல்லை. ஒரு அதிகாரி இதைப் படித்தால், இதற்கு எதற்கு இன்ஜினியர் என்று கேட்பார். வந்த பிறகும் சிக்கல்தான், நாமினேட் செய்த தொழிலைத் தவிர வேறு வேலை செய்வது விசா நிபந்தனையை மீறுவது. சிவில் இன்ஜினியர் என்று விசா வாங்கி வந்து கோஆர்டினேட்டர் வேலை பார்த்தால், நாளைக்கு பி.ஆர். போடும்போது அதற்குத் தேவையான இரண்டு வருட வேலை கணக்கில் வராமல் போகக்கூடும்.

பி.ஆர். என்று சொல்லிவிட்டதால் அதையும் முடித்துவிடுகிறேன். 482 தற்காலிக விசாதான், அது தானாக நிரந்தரம் ஆகாது. வழி இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட ஸ்பான்சரிடம் கடைசி மூன்று வருடத்தில் இரண்டு வருடம் வேலை செய்திருந்தால், நிறுவனம் உங்களை 186 என்ற நிரந்தர விசாவுக்கு நாமினேட் செய்யலாம். அதற்கு விண்ணப்பிக்கும்போது பொதுவாக வயது 45-க்குக் கீழே இருக்க வேண்டும், ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் நான்கு பிரிவிலும் 6 வேண்டும். 482-க்கு 5 போதும் என்பதால் பலர் தேர்வை ஒப்புக்கு எழுதுகிறார்கள், நீங்கள் இப்போதே 6-ஐக் குறிவைத்துப் படியுங்கள். 39 வயதில் வந்தால் உங்களுக்கு நேரம் இருக்கிறது, ஆனால் தாராளமாக இல்லை. நிறுவனம் 186-க்கு நாமினேட் செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது, அது அவர்கள் விருப்பம். "பி.ஆர். கேரண்டி" என்று கன்சல்டன்சிக்காரர் சொன்னதாக எழுதியிருந்தீர்களே, அப்படிச் சொல்லும் உரிமை உலகத்தில் யாருக்கும் இல்லை.

வேலை போய்விட்டால் என்ன ஆகும் என்ற பயம் உங்கள் கடிதத்தில் வரிக்கு வரி தெரிகிறது. முன்பு 60 நாளில் புது ஸ்பான்சரைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். 2024 ஜூலை 1-லிருந்து அது ஒரு தடவைக்கு 180 நாள், விசா காலம் முழுக்கச் சேர்த்து 365 நாள் என்று மாறிவிட்டது. அந்த நாட்களில் வேறு இடத்தில் வேலையும் செய்யலாம். நீங்களாக விலகினாலும் நிறுவனம் நிறுத்தினாலும் இது பொருந்தும். புது நிறுவனம் அங்கீகரிக்கப்பட்ட ஸ்பான்சராக இருந்து உங்களைப் புதிதாக நாமினேட் செய்தால் அதே விசாவில் தொடரலாம், பி.ஆர். கணக்கில் பழைய ஸ்பான்சரிடம் வேலை செய்த காலமும் சேரும். திரும்பிப் போவது என்று முடிவானால், நீங்கள் எழுத்தில் கேட்டால் உங்கள் குடும்பத்துக்கான நியாயமான பயணச் செலவை ஸ்பான்சர் கொடுக்க வேண்டும். அதே 2024 ஜூலையில் இன்னொரு சட்டமும் வந்தது, தொழிலாளியின் விசா நிலையைக் காட்டி மிரட்டி வேலை வாங்குவது இப்போது கிரிமினல் குற்றம். சம்பளப் பிரச்சினை என்றால் தொழிலாளர் உரிமைகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம், விசாக்காரர் என்பதற்காக உங்கள் உரிமை ஒரு அணுவும் குறையாது.

கன்சல்டன்சிக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவுக்குள் விசா ஆலோசனைக்குக் காசு வாங்க வேண்டுமானால் அவர் பதிவு பெற்ற மைக்ரேஷன் ஏஜென்டாகவோ வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும், ஏஜென்டுக்கு மார்ன் என்ற ஏழு இலக்கப் பதிவு எண் இருக்கும், ஏஜென்டுகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான ஒமாராவின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பெயர் வரும். வெளிநாட்டிலிருந்து செயல்படுபவருக்கு இந்தப் பதிவு கட்டாயமில்லை, அதனால் எண் இல்லை என்பதாலேயே அவர் மோசடி என்று சொல்ல மாட்டேன். ஆனால் பதிவு இல்லாதவர் தப்பு செய்தால் அந்த அமைப்பிடம் நீங்கள் புகார் கொடுத்துப் பலன் இருக்காது. "இந்த வாரமே" என்று அவசரப்படுத்துவதற்கும் அர்த்தமில்லை, இந்த விசாவில் இந்த வாரத்துக்குள் முடிக்க வேண்டிய காரியம் எதுவும் இல்லை.

இப்போது செய்ய வேண்டியது. அவரை விட்டுவிட்டு நேராக நிறுவனத்துக்கு எழுதுங்கள், அவர் கொடுத்த மின்னஞ்சலுக்கு வேண்டாம், நிறுவனத்தின் 11 இலக்க ஏ.பி.என். என்ற வணிகப் பதிவு எண்ணை அரசின் ஏ.பி.என். லுக்அப் தளத்தில் போட்டுப் பார்த்து, அந்தப் பெயரில் உள்ள நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் இருக்கும் முகவரிக்கு. விதிகளை மீறித் தண்டிக்கப்பட்ட ஸ்பான்சர்களின் பட்டியலை ஆஸ்திரேலிய எல்லைப் படை வெளியிடுகிறது, அதிலும் பெயரைத் தேடிவிடுங்கள். கடிதம் மரியாதையாக, நீளமில்லாமல் இருக்கட்டும். வேலையில் ஆர்வமாக இருக்கிறேன், நீங்கள் ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்ட ஸ்பான்சரா, எந்தத் தொழில் எண்ணில் என்னை நாமினேட் செய்யப் போகிறீர்கள், சூப்பர் இல்லாமல் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, 15,000 டாலர் நிபந்தனை எந்தச் செலவுக்கு என்று கேளுங்கள். கடைசியாக, உங்கள் சார்பில் ஒருவர் என்னிடம் ஸ்பான்சர்ஷிப்புக்குப் பணம் கேட்கிறார், இது உங்களுக்குத் தெரியுமா என்று ஒரு வரி சேருங்கள். அந்த வரியை எழுதத் தயங்குவீர்கள் என்று எனக்குத் தெரியும். நல்ல நிறுவனமாக இருந்தால் பதறிப்போய் உங்களுக்குப் போன் செய்வார்கள். பதிலே வராவிட்டால் நாலு லட்சம் தப்பியது.

நிறுவனம் ஆஃபரைத் திருத்தி அனுப்பினால் அதன் பிறகு வேலையைத் தொடங்கலாம். அதுவரை சும்மா இருக்க வேண்டாம், பழைய நிறுவனங்களிடம் அனுபவச் சான்றிதழ் வாங்கி வையுங்கள். "இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பணிபுரிந்தார், நடத்தை திருப்தி" என்ற நாலு வரிச் சான்றிதழ் உதவாது, என்ன பாலம், என்ன கட்டடம், அதில் நீங்கள் போட்ட கணக்கு என்ன, உங்கள் கீழே எத்தனை பேர், வாரம் எத்தனை மணி நேரம் என்று லெட்டர்ஹெட்டில் கையெழுத்தோடு வேண்டும். விசாவுக்குக் கடைசி ஐந்து வருடத்தில் ஒரு வருட முழுநேர அனுபவம் காட்டினால் போதும், ஆனால் 14 வருடத்துக்கும் வாங்குங்கள், இந்த நிறுவனம் சரிவராமல் வேறு இடத்தில் முயன்றாலும் அதே காகிதம்தான் தேவைப்படும். சம்பள ரசீது, வங்கிக் கணக்கு, வரிக் கணக்கு மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

ராஜினாமா கடிதத்தை எப்போது கொடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். விசா கைக்கு வந்த பிறகு. நாமினேஷன் அங்கீகாரம் வந்தாலும் போதாது, மூன்று பேருக்கும் விசா வந்த கடிதத்தைப் படித்து, பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஆஸ்திரேலியாவில் இறங்கிய நாளிலிருந்து 90 நாளுக்குள் வேலையில் சேர்ந்தால் போதும், அதனால் நோட்டீஸ் காலத்தை ஒழுங்காக முடித்து, மகளின் பள்ளி வருடத்தையும் பார்த்துக் கிளம்ப அவகாசம் இருக்கிறது. முடிந்தால் நீங்கள் முதலில் வந்து வீடு பார்த்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து அவர்களை அழைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனத்திடமிருந்து பதில் வந்தால் திருத்திய ஆஃபரை அனுப்புங்கள். வேலை விவரம் இருக்கும் அந்த இரண்டாம் பக்கத்தை விட்டுவிடாமல் சேர்த்து அனுப்புங்கள், நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.